ஆறு நாற்பது பஸ்

கல்லடிப் பாலத்தடியில் ஏறினால்
கல்முனைக்கு ஒரு மணியும் பத்து நிமிஷமும்.
போக ஒன்று, வர ஒன்று.
பரீட்சைக்கு இருபத்து மூன்று நாள்.
சனி ஞாயிறு வீட்டுக்குரியது, கழி.
போயாவைக் கழி.
கிதுஷனுக்குக் காய்ச்சல் வரப்போகும் இரண்டு நாளையும்
இப்போதே கழித்து வை.
மிச்சம் முப்பத்திரண்டு மணி நாற்பது நிமிஷம்.

புத்தகம் ஆயிரத்து இருநூறு பக்கம்.
கறிக்கத்தியால் எட்டாய் அரிந்து
நாளுக்கொரு துண்டைப் பாண் பேக்கில் சுற்றிக்கொண்டேன்.
நாவற்குடா வரை நின்றபடி:
ஒரு கை கம்பியில், ஒரு கையில் துண்டு,
பக்கம் புரட்டுவது நாடி.

காத்தான்குடியில் ஏறிய பிள்ளை எட்டிப் பார்த்தாள்.
"என்ன எக்ஸாம், மிஸ்?"
"பாதுகாப்பு."
"பொலிசில சேரப் போறீங்களா?"
"இல்லை, கம்பியூட்டருக்கு."
நம்பாமல் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

ஒருவர் தான்தான் என்று நிரூபிக்க
மூன்று வழி என்கிறது ஐந்தாம் துண்டு:
அறிந்திருப்பது, வைத்திருப்பது, அவராகவே இருப்பது.
இது நான் அப்பாவின் சட்டையைப் பிடித்தபடி
வரிசையில் நின்று படித்த பாடம்.
அடையாள அட்டை வைத்திருந்தார்.
கேட்டதற்கெல்லாம் பதில் அறிந்திருந்தார்.
மூன்றாவதுதான்
அவருக்குப் பிரச்சினையாய்ப் போனது.

கிரான்குளம் தாண்டினால் ரிஸ்க்.
ஏற்கலாம், தவிர்க்கலாம், குறைக்கலாம்,
இன்னொருத்தர் தலையில் கட்டலாம்.
கட்டிய பரீட்சைக் காசு இதில் எந்த வகை?
இரண்டு மாதச் சம்பளம். பாஸானால் வங்கி தரும்.
பெயிலானால், சீட்டுக் காசுக்கு என்ன நடந்ததென்று
டோஹாவிலிருந்து அவர் கேட்கும்போது
லைன் கட்டாக வேண்டும்.

களுதாவளையில் வெற்றிலைக் கூடைகள் ஏறின.
மூன்றாம் துண்டில் ஈரம் சொட்டி
திறப்புகளின் நீளம் அழிந்துவிட்டது.
நூற்று இருபத்தெட்டா, இருநூற்று ஐம்பத்தாறா,
வெற்றிலைக்குத்தான் தெரியும்.

ஓந்தாச்சிமடம் பாலத்தில் மாதிரிக் கேள்வி.
சேர்வர் அறைக்குள் வெள்ளம். முதலில் என்ன செய்வீர்?
நாலு விடையும் சரி.
அதில் மிகச் சரியானது எதுவென்று எடுக்க வேண்டும்,
இந்தப் பரீட்சையின் குணம் அது.
பேக்கப்பை உயரத்தில் ஏற்று என்று போட்டேன்.
பிழை.

போன மார்கழி.
வங்கிக்குள் முழங்கால் தண்ணீர்.
நானும் இம்தியாஸ் சேரும்
மேசைமேல் சேர்வர், சேர்வர்மேல் பலகை,
பலகைமேல் பேக்கப் என்று அடுக்கினோம்.
என் சால்வையால் துடைத்தேன், பிள்ளையைத் துடைக்கிற மாதிரி.
அதற்குப் பிறகுதான் யாரோ கேட்டார்கள்,
தங்கேஸ்வரியக்கா எங்கே?

பின்பக்கச் சாமான் அறையில்
கதவு ஊதி இறுகி,
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நின்றா.
கத்தினாவாம். ஜெனரேட்டர் சத்தம்.
ஒன்றும் ஆகவில்லை.
தண்ணீர் வடிந்து வங்கி திறந்த அன்று தேத்தண்ணி தந்தா.
எனக்குச் சீனி குறைவென்பது
அவவுக்கு மறக்கவில்லை.
தலைமையகத்திலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம்:
தரவு இழப்பு எதுவுமில்லை.

விடைக்குறிப்பில் ஒரே வரி,
சின்ன எழுத்தில்:
எப்போதும் ஆட்கள் முதலில்.
அடிக்கோடு போடப் பேனா எடுத்தேன்.
பஸ் குலுங்கியது. போடவில்லை.

பெரியநீலாவணை. மருதமுனை. பாண்டிருப்பு.
இறங்கினேன்.

மத்தியானம் படிக்க ஒதுக்கிய அரை மணியில்
சாமான் அறைக் கதவைத் திருத்தச் சொல்லி எழுதினேன்.
தச்சன் வர இரண்டு கிழமையாகுமாம்.
உள்ளே அக்கா துடைப்பம் கழுவிக்கொண்டிருந்தா.
கதவு மெல்ல மெல்லச் சாத்தப் பார்த்தது.

எட்டாம் துண்டில் பத்துக்கு ஒரு கேள்விதான் வருமாம்.
இரண்டாய் மடித்து
கதவின் அடியில் செருகினேன்.
இறுக்கமாய் நின்றது.
"படிக்கிற புத்தகமல்லோ பிள்ளை" என்றா அக்கா.